ஒரு மூடி போர்பன்

நம் நாட்டில் குடிப்பவர்கள் உண்டு, குடிக்காதவர்கள் உண்டு. இரண்டு கட்சியிலும் சேராமல், இரண்டு கட்சியின் பொறுமையையும் சோதிக்கிற மூன்றாவது இனம் ஒன்று அண்மைக்காலமாகப் பெருகிவருகிறது. மூடி ரசிகர்கள் என்று இவர்களுக்குப் பெயர் வைக்கலாம். இவர்கள் குடிப்பதில்லை; ‘டேஸ்ட்’ செய்கிறார்கள். குழந்தைக்கு இருமல் மருந்து வாங்கிவருகிற அளவில், ஐம்பது மில்லி பிடிக்கிற குட்டிப் பாட்டில் ஒன்றை எங்கிருந்தாவது சம்பாதித்துவிடுவார்கள். பிறகு அந்த ஐம்பது மில்லியை நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு இழுப்பார்கள். ஒரு மூடி ஊற்றினால் ஒரு மணி நேரம் பேச்சு. போதை ஏறாது. பேச்சுதான் ஏறும்.

உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். கும்மிடிப்பூண்டியில் இருப்பவர் ஆதிநாராயணன்.

சிப்காட்டில் வால்வு செய்கிற தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். ஒரு வால்வின் வாய் மயிரிழை கூடுதலாக அகன்றிருந்தாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். மனிதர் நல்லவர். ஒரே ஒரு குறை, ‘தெரியாது’ என்ற சொல் அவர் வாயில் நுழையாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், அமெரிக்காவில் இருக்கும் மச்சினன் ரகு விடுமுறைக்கு வந்தபோது ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவந்தான். உள்ளே முப்பது குட்டிப் பாட்டில்கள். முப்பதும் போர்பன். கூடவே, எதில் என்ன வாசனை வரும் என்று அச்சடித்த வழவழப்பான தாள் ஒன்று.

பாட்டில்களைப் பார்த்து அவருக்குச் சபலம் தட்டியது உண்மை. ஆனால் அந்தத் தாளைப் படித்தபோதுதான் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

கும்மிடிப்பூண்டி முழுவதற்கும் போர்பன் என்றால் பிஸ்கட்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை, “நண்பர்கள் வர்றாங்க, போர்பன் சாப்பிட” என்று அவர் சொன்னதைக் கேட்டு, மனைவி ஜோதிலட்சுமி தட்டு நிறைய சாக்லேட் பிஸ்கட்டை அடுக்கிவைத்தாள். ஆதிநாராயணன் நெற்றியில் அடித்துக்கொண்டார். மக்காச்சோளத்தில் காய்ச்சி, உள்பக்கம் தீயில் கருக்கிய புது ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் ஊறவைத்து எடுக்கும் அமெரிக்க விஸ்கி அது என்று அவளுக்குப் பாடம் எடுத்தார். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, “அப்போ பிஸ்கட்ட எடுத்துடட்டா?” என்றாள். எடுக்கவில்லை. அன்று முதலில் தீர்ந்தது பிஸ்கட்தான்.

ஞாயிறு மாலை நான்கு மணி. அதுதான் முகூர்த்தம். வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவர் சேகர், அதே தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு, பழவேற்காட்டில் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. இன்னொருவர் எதிர்வீட்டு அரசப்பன், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் அதற்கு மேல் ஒரு படி போகிறவர்.

இருவரும் வந்து உட்கார்ந்ததும் ஜன்னல்கள் சாத்தப்படும். மின்விசிறி நிறுத்தப்படும். காற்று அடித்தால் வாசனை கலைந்துவிடுமாம். சித்திரை மாதத்தில், கும்மிடிப்பூண்டியில், மாலை நான்கு மணிக்கு! திரையை இழுத்து இருட்டாக்கி, மெழுகுவத்தி ஏற்றி, பாட்டிலைச் சுடருக்கு முன்னால் பிடித்து நிறம் பார்ப்பார். ஆன்லைனில் தருவித்த குவளைகளில் ஆளுக்கு ஒரு மூடி ஊற்றுவார். மை நிரப்பும் ஃபில்லரால் இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுவார். மூன்றாவது சொட்டு விழுந்துவிட்டால் முகம் சாவு வீட்டு முகமாகிவிடும். இத்தனையும் முடிந்தபின் யாராவது குவளையை வாய்க்குக் கொண்டுபோனால் போச்சு.

“அவசரப்படாத சேகரு. வாயத் தொறந்துக்கினு மோந்து பாரு. இன்னா வருது?”

“சாராயம் வருதுண்ணா.”

“இன்னும் உள்ள போ. வெனிலா வருதா?”

“வரணுமாண்ணா?”

“வரணும்.”

“அப்போ வருதுண்ணா.”

அரசப்பன் கண்ணை மூடியபடி, “எனக்கு வெனிலா எப்பவோ வந்து போய்ட்டுது ஆதி. நான் இப்போ தோல் செருப்புல கீறேன்” என்பார். ஆதிநாராயணன் புல்லரித்துப்போவார். ஏனென்றால் தாளிலும் ‘பழைய தோல்’ என்றுதான் போட்டிருந்தது. (தாளை டீப்பாய் மேலேயே போட்டுவைத்ததன் விளைவு இது என்று அவருக்குக் கடைசிவரை தோன்றவில்லை.)

இப்படி ஊர் மெச்சப் போய்க்கொண்டிருந்த வண்டியில்தான் சென்ற ஐப்பசி மழையில் அச்சு முறிந்தது. நான்கு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலை எழுந்து காபியை வாயில் வைத்தார். வெந்நீர். ஜோதி டிகாஷன் போட மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று குவளையைப் பார்த்தார்; நிறம் சரியாகத்தான் இருந்தது. சோப்பை முகர்ந்தார். ஒன்றுமில்லை. ஊதுவத்தியை மூக்கில் சுடும் அளவுக்குக் கிட்டக் கொண்டுபோனார். புகை மட்டும் கண்ணைக் கரித்தது. அலமாரியைத் திறந்து, ஒரு குட்டிப் பாட்டிலின் மூடியைத் திருகி, மூக்கை வைத்து இழுத்தார். தண்ணீர்க் குழாயை முகர்ந்த மாதிரி இருந்தது. பாட்டிலைக் கையில் பிடித்தபடி அலமாரி முன்னால் வெகுநேரம் நின்றார்.

டாக்டர் பயப்பட வேண்டாம் என்றார். சிலருக்கு ஒரு வாரத்தில் திரும்பும், சிலருக்குச் சில மாதங்கள் ஆகும். கிராம்பு, எலுமிச்சை, பன்னீர் என்று காலையிலும் மாலையிலும் முகர்ந்து பழகுங்கள் என்றார். “வீட்டில் சொல்லி வையுங்கள்” என்றும் சொன்னார். மற்றதையெல்லாம் ஆதிநாராயணன் செய்தார். கடைசியாகச் சொன்னதை மட்டும் விட்டுவிட்டார். எப்படிச் சொல்வது? மூக்கில்லாத ரசிகர் என்றால் சிரிக்க மாட்டார்களா? பூஜையறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிராம்பை முகர்ந்தார். புருஷனுக்கு இந்த வயதில் பக்தி வந்துவிட்டது என்று ஜோதிலட்சுமி அக்காவிடம் போனில் பெருமைப்பட்டாள்.

ஞாயிறு வந்தது. ஜன்னல்களைச் சாத்தினார். ஒரு மூடி ஊற்றினார். வெறும் மூக்கை வைத்து இழுத்தார். தாளில் இருந்ததை மனப்பாடமாக ஒப்பித்தார். பயம் அதிகமாக இருந்ததால் கொஞ்சம் சொந்தச் சரக்கையும் சேர்த்தார்: “மழை நின்னப்புறம் மரப்பட்டறை வாசல்ல நிக்கற மாதிரி...”

சேகர் வாய் பிளந்து பார்த்தான். “ண்ணா, ரெண்டு வருஷத்துல இன்னிக்குதாண்ணா எனக்குப் புரிஞ்சுது!” என்றான்.

அரசப்பன் தாமதிக்கவில்லை. “மரப்பட்டறைதான். ஆனா தேக்கு இல்ல ஆதி, வேம்பு” என்றார்.

தப்பித்தோம் என்று முதலில் மூச்சு விட்டார் மனிதர். இரவு படுத்தபிறகுதான் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மூக்கு இருந்தபோது வராத பாராட்டு, போனபின் வருகிறதென்றால், இத்தனை நாள் அந்த மூக்கு எதற்காக இருந்தது?

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் வண்டி ஓடியது. சாப்பாட்டிலும் அதே கதைதான். குழம்பு ஊற்றும்போதே “பிரமாதம் ஜோதி” என்று சொல்லிவிடுவார். அவளும் மகிழ்ந்துபோய் இன்னொரு கரண்டி ஊற்றுவாள். இரண்டு மாதம் இப்படியே கழிந்தது.

மார்கழியில் ஒரு ஞாயிறு. ஆர்.கே.பேட்டையில் அக்கா வீட்டில் பேரக்குழந்தைக்குத் தொட்டில் போடும் விசேஷம் என்று ஜோதிலட்சுமி போயிருந்தாள். மூன்றரை மணிக்கு ஆதிநாராயணன் தன் கையாலேயே காபி போடலாம் என்று அடுப்பில் பாலை வைத்தார். வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து குவளைகளைத் துடைக்க ஆரம்பித்தார். ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார். திரையை இழுத்தார். சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்தது. அணைந்த அடுப்பிலிருந்து கேஸ் வந்துகொண்டே இருந்தது. யாருக்கு நாறும்?

வழக்கத்துக்கு முன்னதாகவே சேகர் வந்தான். கேட்டைத் திறந்தவன் அழைப்பு மணி மேல் விரலை வைக்கப்போய், சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான். கதவை உள்ளங்கையால் படபடவென்று அடித்தான்.

“அண்ணா! அண்ணா!”

“வர்றேன் இரு. மெழுகுவத்தி ஏத்திட்டு வர்றேன்.” ஆதிநாராயணன் கையில் தீக்குச்சியை எடுத்தாயிற்று.

“ஏத்தாத! தீப்பெட்டியக் கீழ போடு! கேஸ் லீக்காவுது! சுவிட்சத் தொடாத, கதவ மட்டும் தொற!”

அந்தக் குரலில் மரியாதை இல்லை, உயிர் இருந்தது. தீப்பெட்டி கையிலிருந்து தானாக விழுந்தது. கதவைத் திறந்ததும் சேகர் அவரைத் தோளைப் பிடித்து வெளியே தள்ளினான். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே ஓடி அடுப்பை மூடினான், சிலிண்டரை மூடினான், ஜன்னல்களையெல்லாம் பிளந்துவிட்டான். பிறகு வெளியே வந்து, கேட்டுப் பக்கத்துச் சிமெண்டு மேடையில் உட்கார்ந்தான்.

“கேட்டாண்டயே குப்புனு அடிக்குது. உள்ள குந்திக்கினு இருக்கற, உனக்குத் தெரிலயாண்ணா?”

கண்ணாடிக் குவளைக்குள் மூக்கை விட்டும் இரண்டு வருடமாக வெனிலாவைக் கண்டுபிடிக்காதவன் இவன். சாத்திய கதவுக்கு வெளியே நின்று அவர் உயிரைக் கண்டுபிடித்திருக்கிறான். ஆதிநாராயணன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“சேகரு, எனக்கு மூக்கு போய் ரெண்டு மாசம் ஆவுது.”

“அப்போ அந்த மரப்பட்டறை?”

“நானா உட்டது.”

“வெனிலா?”

“தாள்ல இருந்துச்சு.”

சேகர் சிரிக்க ஆரம்பித்தான். பயந்த மனிதன் சிரிக்கிற சிரிப்பு, நிற்கவே இல்லை. “எனக்கும் ஒரு நாள்கூட வெனிலா வரலண்ணா. நீ சொன்னே, தலையாட்டிக்கினு இருந்தேன்.”

“பின்ன எதுக்குடா வாராவாரம் வந்தே?”

“அண்ணி போடற வெங்காய போண்டாவுக்கு. அப்புறம், ஞாயித்துக்கெழமை நீ ஒருத்தன்தான் என்னைக் கூப்ட்டு குந்தவெச்சுப் பேசறவன்.”

இருவரும் மேடையில் சிரித்துக்கொண்டிருக்கும்போது அரசப்பன் வந்தார். விஷயம் முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு, “எனக்கு மட்டும் வெனிலா நெஜமாவே வந்துச்சு” என்றார்.

மறுநாள் காலை திரும்பிவந்த ஜோதிலட்சுமியிடம் சேகர்தான் சொன்னான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலையென்று ஆதிநாராயணனுக்கு இருந்தது.

“மூக்கு போனது ஒண்ணும் தப்பில்ல. எங்கிட்ட சொல்லாம உட்டீங்க பாருங்க, அதான் எனக்குத் தாங்கல. ரெண்டு மாசமா கொழம்பு பிரமாதம், பிரமாதம்னு சொன்னீங்களே. அதுவும் அந்தத் தாளப் பாத்துதான் சொன்னீங்களா?”

இருபத்திரண்டு வருடமாக வால்வுகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டியவர், முதல்முறையாகத் தன் நெற்றியில் ஒன்று ஒட்டப்பட்டதுபோல் நின்றார்.

அன்றிலிருந்து வைத்தியம் அவள் கைக்குப் போனது. தினமும் காலையில் நாற்காலியில் உட்காரவைத்துத் துண்டால் கண்ணைக் கட்டுவாள். எதையாவது மூக்கருகே நீட்டுவாள்.

“இன்னா இது?”

“எலுமிச்ச. நல்லா தெரியுது. கொஞ்சம் இனிப்பா...”

“துணி சோப்பு.”

மறுநாள், “கிராம்பு.” அவள் நீட்டியது பெருங்காயம். அதற்கடுத்த நாள், “காபித்தூள், நல்லா வறுத்தது.” அவளுடைய வெறும் கை.

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. இங்க யாரும் தலையாட்டிக்கினு ஒக்காந்து இல்ல.”

கண்கட்டுக்குள்ளே மனிதர் வெகுநேரம் தவித்தார். கடைசியில், “தெரியல ஜோதி” என்றார். சொன்னபிறகு ஒன்றும் இடிந்து விழவில்லை என்பது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவள் கட்டை அவிழ்க்காமலே அவர் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மிச்சமிருந்த மூன்று பாட்டில்களும் தாளும் எதிர்வீட்டுக்குப் போயின. அங்கே இப்போது ஞாயிறுதோறும் ஜன்னல்கள் சாத்தப்படுவதாகக் கேள்வி.

தை பிறந்து பதினைந்து நாள் இருக்கும். காலை ஷிப்டுக்கு ஆதிநாராயணன் சிப்காட் சாலையில் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தார். அந்தச் சாலையில் சில நாள் காற்று திரும்பினால் ஒரு நாற்றம் எழும். எங்கிருந்து என்று யாருக்கும் தெரியாது. பேருந்தில் போகிறவர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்துவார்கள்; பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூச்சை அடக்கிப் பந்தயம் விடுவார்கள். அன்று அது எழுந்தது. ஆதிநாராயணன் சடாரென்று பிரேக் போட்டார். வண்டியை ஓரங்கட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றினார். நெஞ்சு நிறைய இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. போனை எடுத்தார்.

“ஜோதி! நாறுது ஜோதி! செம்மயா நாறுது!”

மறுமுனையில் அவள் அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை. “மொதல்ல அங்கிருந்து நவுருங்க” என்றாள்.

உங்களுக்கும் எனக்கும் இங்கே கதை முடிந்துவிட்டது. திருந்திய மனிதர், திரும்பிய மூக்கு. ஆனால் பத்து நிமிடம் கழித்துத் தேநீர்க் கடையில் அவரைப் பார்த்திருந்தால் உங்களுக்கு நம்பிக்கை போயிருக்கும். பக்கத்தில் நின்ற ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, “இன்னாப்பா இந்த நாத்தம், பேஜாரு” என்றார். ஆதிநாராயணன் கனிவோடு அவர் பக்கம் திரும்பினார். “அவசரப்படாத. மொதல்ல எரிஞ்ச ரப்பர். நடுவுல லேசா பெயிண்ட். கடைசில பாரு, தொண்டையில நின்னு பேசுது, அது இன்னான்னு கண்டுபிடி” என்றார். தொழிலாளி மூக்கிலிருந்து கையை எடுத்து, மரியாதையாக ஒருமுறை முகர்ந்து, மெல்லத் தலையாட்டினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நீங்கள் போர்பனைத் தொட்டதே இல்லை, தெரியும். ஆனால் போன வாரம் கல்யாணப் பந்தியில் சாம்பார் இலையில் விழும் முன்பே ‘சமையல் கை மாறியிருக்கு’ என்று பக்கத்து இலைக்காரரிடம் சொன்னது யார்? மாம்பழத்தை அறுக்காமலே அது எந்த ஊர்த் தோப்பு என்று தீர்ப்புச் சொன்னது யார்? அதெல்லாம் நானில்லை என்று சத்தியம் செய்கிறீர்களா? சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியென்றால் அந்த இரண்டு இடத்திலும் பக்கத்தில் இருந்து தலையாட்டியவர் நீங்கள்தான்.

பாருங்கள், இப்போதுகூட ஆட்டுகிறீர்கள்.