இன்னும் மௌத்தாகல்ல

எங்கள் கல்முனைப் பக்கத்தில் ஒரு கம்பியூட்டரைச் செத்ததென்று தீர்ப்புச் சொல்ல ஒரே ஒருவருக்குத்தான் தகுதி உண்டு. அவரோ வாழ்நாளில் ஒரு தடவையும் அப்படிச் சொன்னதில்லை. கடலில் விழுந்ததைத் தூக்கி வந்து காட்டினாலும், "மௌத்தாகல்ல, மயக்கம்" என்பார். அதனால் அவர் பெயரே மௌத்தாகல்ல காக்கா ஆகிவிட்டது; அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம். சொந்தப் பெயரைக் கேட்டால் அவருடைய பெண்சாதியே கொஞ்சம் யோசிப்பா.

அவர் வீட்டிலும் ஒரு பழங்காலக் கம்பியூட்டர் உண்டு. பின்னேரமானால் அதில் கார் ரேஸ் ஓட்டுவார். எதிரே வரும் கார்களைப் பார்த்து "ஓரம் போடா!" என்று அவர் கத்துவதில், ஒழுங்கையில் போகும் சைக்கிள்காரர்கள் உண்மையிலேயே ஓரம் போவார்கள். அந்தக் கம்பியூட்டரைத் தொட யாருக்கும் அனுமதியில்லை.

நான் ஓர் அரிசி ஆலையில் நெல் நிறுக்கும் கிளார்க். வண்டி மேடையில் ஏறினால் நிறை என் மேசைத் திரையில்தான் தெரியும். அந்தக் கம்பியூட்டர் என் கலியாணத்துக்கும் முந்தியது. என் தலைமுடி கொட்டிப்போன பிறகும் அது ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருந்தது.

இந்தப் பெரும்போக அறுவடையில் ஒருநாள், பின்னேரம் அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், திரை பொசுக்கென்று கறுத்தது. கடல் பக்கம் வானமும் கறுத்தது. வாசலில் வரிசையாக உழவு மெசின்கள், அவை இழுத்து வந்த பெட்டி நிறைய நெல். முதலில் நின்ற சொறிக்கல்முனை ஊர் அண்ணன் நெல்லை மூடியிருந்த தறப்பாளில் துணியைவிட ஓட்டைதான் அதிகம்.

"தம்பி, நனைஞ்சா அவ்வளவும் முளைச்சிரும். என்ட வருசத்துப் பாடு முழுக்க இந்தப் பெட்டிக்குள்ளதான் கிடக்கு" என்றார். நிறுக்காமல் இறக்கவும் முடியாது. ஆலை முதலாளி ஹாஜியார் கம்பியூட்டரை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "மௌத்துப் போல" என்றார். நான் காக்காவுக்குப் போன் எடுத்தேன்.

மோட்டார் சைக்கிளை நிறுத்த முன்னமே அவர் குரல் வந்துவிட்டது.

"எவன் சொன்ன மௌத்தெண்டு?"

எல்லோரையும் வாய்மூடச் சொன்னார். ஆலையையும் நிறுத்தச் சொன்னார். ஹாஜியார் நிறுத்தினார்! காக்கா கம்பியூட்டர் பெட்டியில் காதை வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று சுவிச்சைப் போட்டார். உள்ளேயிருந்து நீட்டாக ஒரு சத்தம், குட்டையாக இரண்டு சத்தம்.

"கேட்டீங்களா? ஸலாத்துக்குப் பதில் சொல்லுது! உசிர் இரிக்கு. கண்ணுதான் தெரியல்ல. படம் காட்டுற கார்ட்டிலதான் வருத்தம்."

ஹாஜியாரின் அறைத் திரையைப் பிடுங்கி வந்து மாட்டினார். அதுவும் கறுப்பு. கார்ட்டைக் கழற்றி ஊதினார். ஹாஜியாரின் வெள்ளைச் சட்டை முழுக்க உமித்தூசி. கார்ட்டின் மஞ்சள் பற்களை அழிறப்பரால் தேய்த்து மாட்டினார். மறுபடியும் நீட்டாக ஒன்று, குட்டையாக இரண்டு. திரும்பக் கழற்றி மணந்து பார்த்தார். குட்டி விசிறி உமியில் இறுகி, கார்ட் கருகியிருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"காக்கா?" என்றேன்.

"கார்ட் மட்டும்... மௌத்து."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்! ஹாஜியார், மௌத்துச் செய்தி கேட்டவர் போல, வாய் தவறி "இன்னாலில்லாஹி" என்றே சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத் தகரத்தில் முதல் துளி விழுந்தது.

காக்கா மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்தார். திரும்பி வந்தபோது துவாயில் சுற்றி இன்னொரு கார்ட். மாட்டினார். ஸலாம் சொன்னார். குட்டையாக ஒரே ஒரு சத்தம்; திரை வெளிச்சமானது! சொறிக்கல்முனை அண்ணன் காக்காவைக் கட்டிப்பிடித்துத் தூக்கியேவிட்டார். நான் தொண்டை கிழிய நிறையைக் கத்த, மெசின்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. கடைசிப் பெட்டி கொட்டகைக்குள் போன பிறகுதான் மழை கொட்டியது.

மறுநாள் பின்னேரம் நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். ஒழுங்கை அமைதியாக இருந்தது. உள்ளே அவருடைய கம்பியூட்டர் துவாயால் மூடப்பட்டிருந்தது.

"காக்கா, உங்கட கார்ட்டையா கொண்டு வந்தீங்க?"

அவர் உதட்டில் விரலை வைத்தார்.

"மெல்லக் கதைங்க. மௌத்தாகல்ல, தூங்குது."

அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் பழைய கம்பியூட்டர் கடைகளில் அந்தக் கார்ட்டைத் தேடுகிறேன். கிடைத்ததும், "ஓரம் போடா!" என்று அந்த மனுசன் கத்த, என் சைக்கிளை ஓரமாக இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும்.