எதுக்கும் இருக்கட்டும் என்று எடுத்த ஆறு காப்பி

அலட்சியக்காரர்களால் வருகிற நாசம் கொஞ்சம்தான். அதிகக் கவனசாலிகள் செய்வதுதான் பெரிய நாசம். சாட்சி வேண்டுமா? நானே இருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில், ஃபேரர் பார்க் பக்கம் லாரி உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். (குளிர் அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நகல் பதிகிற டேப் மாட்டுகிற வேலை. ஆங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக் முழுக்க நான் விஞ்ஞானி என்று அம்மா சொல்லி வைத்திருந்தார்.) ஆறு பிரிவுகளுக்கு ஆறு சின்ன கம்ப்யூட்டர்கள். மதியம் ஒரு மணிக்குக் கவுண்டரை மூடியதும், அவற்றிலிருக்கும் ஆர்டர்களைப் பெரிய கம்ப்யூட்டர் நகலெடுக்கும். இருபது நிமிஷ வேலை. இரண்டு மணிக்குக் கவுண்டர் திறந்துவிடும்.

அன்றைக்கு மூன்று மணிக்கு, என் வேலை நிரந்தரமா அல்லது வீட்டுக்கா என்று மேனேஜர் சொல்வதாக இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? அசத்திவிட வேண்டும் என்று, ஆர்டர்களோடு ஆபரேட்டிங் சிஸ்டத்தையும் முழுசாக நகலெடுக்கும்படி காலையிலேயே பட்டியலை மாற்றி எழுதினேன். ஆறு கம்ப்யூட்டருக்கும். எதுக்கும் இருக்கட்டுமே!

இரண்டேகால் ஆகியும் முதல் கம்ப்யூட்டரே முடியவில்லை. நகலெடுத்து நகலெடுத்துத் திணறிய பெரிய கம்ப்யூட்டர் வேறு எதற்கும் அசையவில்லை. கீழே கவுண்டரில் மெக்கானிக்குகள் கூட்டம்.

"ஒரு பிரேக் ஷூவுக்கு எவ்வளவு நேரம் லா!"

புரோகிராம் எழுதுகிற ஸ்டெல்லா, பாதி தின்ற கறிபஃப்போடு ஓடி வந்தாள். பக்கத்துப் பேட்டையான தோ பாயோக்காரி, என் வயசுதான்.

"என்னாச்சு சேகர்?"

"மெஷின் ரிப்பேருங்க," என்றேன், கூசாமல்.

அவள் மெஷினைப் பார்க்கவே இல்லை. என் பட்டியலை எடுத்து நிதானமாக வாசித்தாள்.

"ஆறு மெஷின்லயும் ஒரே சிஸ்டம்தானே?"

"ஆமா."

"நேத்திலிருந்து இன்னிக்கு அது மாறிச்சா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு தினமும் ஆறு காப்பி? மாத்தும்போது ஒண்ணு எடுத்தா போதாதா?"

அடடா! அந்தக் கேள்வி எனக்கு ஏன் தோன்றவில்லை? பிழையைப் பார்த்துச் சிரிக்காமல், திட்டாமல், நேராகக் காரணத்தைப் போய்ப் பிடித்த அந்த மூளையை இன்றும் வியக்கிறேன். வேலையை நிறுத்தினாள், பட்டியலில் நான் சேர்த்த ஆறு வரிகளை நீக்கினாள், ஆர்டர்களை மட்டும் மறுபடி ஓட விட்டாள். இரண்டு நாற்பதுக்குக் கவுண்டர் திறந்தது.

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். "யார் பண்ணின வேலை இது?"

நான் குனிந்து டேப்பைச் சுற்றத் தொடங்கினேன். ஸ்டெல்லா பொய் சொல்லவில்லை.

"இவர்தான் சார். தேவைக்கு மேல கவனம். ஆர்டர் தொலையுமேன்னு இப்படி பயப்படுறவரை அனுப்பிட்டு, பயப்படாதவரையா வைக்கப் போறீங்க?"

மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூன்று மணிக்குக் கடிதம் கிடைத்தது. நிரந்தரம்!

அந்த ஸ்டெல்லாவைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். இரண்டு நாள் மலாக்கா போவதற்கு நான் இஸ்திரிப்பெட்டியையும் கெட்டிலையும் பெட்டிக்குள் திணித்தால், மகள் வாசலில் நின்று கத்துவாள்: "அம்மா, அப்பா சிஸ்டத்தையும் சேர்த்து எடுக்கிறாரு!" ஸ்டெல்லா வந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பாள்.

எங்கள் கல்யாணப் பத்திரத்தை மட்டும் ஆறு காப்பி எடுத்து அலமாரியில் வைத்திருக்கிறேன். ஒருநாள் ஸ்டெல்லா அவற்றை எண்ணிப் பார்த்தாள். ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை.