நந்தியாவட்டைக்கு ஒரு தனிக் கோப்பு

மனித குலத்தின் கண்டுபிடிப்புகளில் நெருப்பு முதலாவது, சக்கரம் இரண்டாவது. ஒரு நந்தியாவட்டைச் செடிக்குத் தனிக் கோப்பு திறக்கலாம் என்று கண்டுபிடித்தது மூன்றாவது. முதல் இரண்டையும் செய்த புண்ணியவான்கள் யாரென்று தெரியவில்லை. மூன்றாவதைச் செய்தவர் நம் கண்காணிப்பாளர். பதிவேடுகள் பிரிவில் முப்பத்து நான்கு ஆண்டுகள் கண்காணித்துவிட்டு ஓய்வு பெற்றவர். வேலை விட்டுப் போன பிறகும் பட்டம் அவரை விட்டுப் போக மறுத்ததால், தெருவே அவரைக் கண்காணிப்பாளர் என்றுதான் அழைத்தது. வீட்டில் கண்காணிக்க இருந்தது ஒரு மனைவி மட்டுமே. அது அவருடைய தகுதிக்குக் கொஞ்சம் குறைச்சலான வேலை.

நந்தியாவட்டை எப்படிப்பட்ட செடி என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆண்டு முழுக்கப் பச்சை மாறாமல் நிற்கும். வெள்ளை வெளேரென்று பூக்கும். வேலியோரம் ஒரு குச்சியை ஒடித்துக் குத்திவிட்டு மறந்துபோனாலும் தன்பாட்டுக்கு வளர்ந்து ஆள் உயரம் வந்துவிடும். இப்படித் தானாக வளரும் ஒன்றை விடாப்பிடியாக ‘வளர்ப்பதற்கு’ அசாத்தியத் திறமை வேண்டும். அது கண்காணிப்பாளரிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

ஓய்வு பெற்ற மூன்றாம் நாள் அவர் ‘பசுமை நண்பர்கள் பேரவை’ என்ற கைபேசிக் குழுவில் சேர்ந்தார். நான்காம் நாள் மற்றவர்களுக்கு ஆலோசனை வழங்கத் தொடங்கினார். அந்தக் குழுவில் செடியை யாரும் செடி என்று சொல்வதில்லை, ‘குழந்தை’ என்பார்கள். நந்தியாவட்டைக்கு நாக்கைச் சுளுக்கவைக்கும் லத்தீன் பெயர் ஒன்றும் இருந்தது. கண்காணிப்பாளர் அதை இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று பழகிப் பார்த்து, பல் கட்டு கழன்று விழுந்ததால் கைவிட்டார். அதற்குப் பதிலாகச் செடிக்கு ‘ராசாத்தி’ என்று பெயர் வைத்தார். முப்பத்தாறு ஆண்டு இல்லறத்தில் மனைவியை ‘இவளே’ என்பதற்கு மேல் அழைத்தறியாத மனிதருக்கு இது பெரிய முன்னேற்றம் என்றே சொல்ல வேண்டும்.

கோப்பு தடிமனானது. தினசரி உயரம், இலை எண்ணிக்கை, மொட்டு எண்ணிக்கை, வெயில் விழுந்த நேரம், வெயில் விழத் தவறிய நேரம், அதற்கான காரணம். ஒருநாள் அடிக்கிளையில் ஓர் இலை மஞ்சளானது. கண்காணிப்பாளர் உடனே விசாரணைக்கு உத்தரவிட்டார். விசாரணை அதிகாரி அவரே. சாட்சியும் அவரே. குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்பதில்தான் போட்டி இல்லாமல் போயிற்று.

“நேத்து காய் கழுவின தண்ணிய எங்க ஊத்தின?”

“செடிக்குத்தாங்க. வீணாப் போவானேன்னு...”

“எந்தச் செடிக்கு?”

“பக்கத்துல இருந்த செடிக்குன்னு நெனச்சேன். எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியலயே.”

“கண்ணு தெரியலேங்கிறது ஒரு காரணம் ஆகாது. ‘கவனக்குறைவு’ன்னு எழுதிக்கறேன்.”

எழுதியும் கொண்டார். அவளுக்குக் கண் தெரியவில்லை என்பது அன்றைய கோப்பில் ஏறவில்லை. செடிக்கான கோப்பில் சம்பந்தமில்லாத செய்திகளைச் சேர்க்கக் கூடாது என்பது விதி.

உண்மையில் அவளுக்குக் கண்புரை. கடுகையும் மிளகையும் விரலால் தடவித்தான் பிரித்தாள். மாடி வீட்டுத் தையல்காரம்மா கடைசிப் படியில் நின்று “நான்தாங்க” என்று குரல் கொடுத்தால்தான் ஆள் வந்திருப்பது தெரிந்தது. ஒருமுறை காபியில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டாள். கண்காணிப்பாளர் குடித்துப் பார்த்து, கோபப்படாமல், மீதிக் காபியைச் செடிப்பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் எச்சரித்தார். அந்த அளவுக்குப் பெருந்தன்மையானவர்.

கண் மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அன்று பார்த்து ராசாத்தி முதல் மொட்டு விட்டது. முதல் மொட்டை விட்டுவிட்டு எந்தத் தகப்பன் வெளியே கிளம்புவான்? நாள் தள்ளிப்போனது. இரண்டாவதாகக் குறித்த நாளில் கவாத்து. கிளையை வெட்டிய கையோடு செடியைத் தனியே விட்டால் அது ‘அதிர்ச்சிக்கு உள்ளாகும்’ என்று பேரவையில் யாரோ எழுதியிருந்தார்கள். மறுபடியும் தள்ளிப்போனது. மருத்துவர் பரிசோதித்துவிட்டு, புரை முற்றிக்கொண்டே வருகிறது, இதற்கு மேல் இழுத்தால் பார்வை திரும்புவதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்லி மூன்றாவது நாளைக் குறித்தார்.

“பச்சையைப் பாத்துக்கிட்டே இருந்தா கண்ணுக்கு நல்லதுன்னு குழுவுல போட்டிருக்கான்” என்று கண்காணிப்பாளர் அவளுக்கு ஆறுதல் சொன்னார். “தினம் கொஞ்ச நேரம் ராசாத்தியைப் பாரு.”

“அது எங்க நிக்குதுன்னே தெரியலயேங்க.”

“அந்த மனசு இருந்தா தெரியும்.”

இங்கே நமக்குக் கொஞ்சம் வயிறெரிகிறது. அடக்கிக்கொண்டு மேலே புகழ்வோம்.

பேரவையின் மகத்தான கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. செடியோடு தினமும் இருபது நிமிடம் அன்பாகப் பேச வேண்டும். பேசினால் வேர் இறங்கும், இலை மினுக்கும், பூ பெருக்கும். கண்காணிப்பாளர் காலை ஏழு மணி முதல் ஏழு இருபது வரை ‘உரையாடல் நேரம்’ என்று ஒதுக்கினார். அந்த நேரத்தில் தொலைபேசி அடித்தாலும் எடுக்க மாட்டார். சமையலறை ஜன்னல் செடிக்கு நேர் எதிரே இருந்ததால் அவள் காதில் எல்லாம் விழும்.

“ராத்திரி நல்லாத் தூங்கினியா?” என்று ஒருநாள் அவர் கேட்டார். குரலில் தேன் சொட்டியது. “தலைசுத்தல் ஏதும் இல்லையே?”

ஜன்னலுக்கு உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. முப்பத்தாறு ஆண்டில் காதில் விழாத கேள்வி. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி, “இருக்குங்க. எழுந்திருக்கும்போது கொஞ்சம் கிறுகிறுன்னு வருது. முன்னைக்கு இப்போ பரவால்ல” என்றாள்.

கண்காணிப்பாளர் திரும்பிப் பார்த்தார்.

“உன்னைக் கேக்கல” என்றார்.

அதன் பிறகு அந்த இருபது நிமிடங்களில் ஜன்னல் கதவு சாத்தியே இருந்தது. அதனால் ராசாத்திக்குக் காற்றோட்டம் எந்த வகையிலும் பாதிக்கப்படவில்லை என்று கோப்பில் குறிப்பு இருக்கிறது.

அந்த வீட்டின் நிர்வாக முறையையும் பாராட்டாமல் இருக்க முடியாது. யாருக்கு எது வேண்டுமென்றாலும் எழுத்தில் கொடுக்க வேண்டும். கூடத்து மேசையில் இருக்கும் மரத்தட்டில் வைக்க வேண்டும். கண்காணிப்பாளர் திங்கட்கிழமைதோறும் எடுத்துப் பார்த்து முடிவு செய்வார். ‘யாருக்கு’ என்றால் அவளுக்கு. ஒரே மகள் இரண்டு விமானம் மாறி வரவேண்டிய தூரத்தில் இருந்தாள். எரிவாயு தீர்ந்ததையும் குழாய் ஒழுகியதையும் இந்த வழியில் மனுப்போட்டுத்தான் அவள் காரியம் சாதித்திருக்கிறாள். ஆகவே மருத்துவமனை குறித்த மூன்றாவது நாளையும் எழுதி வைத்தாள். கண் தெரியாமல் எழுதியதால் வரிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன. வரும் வெள்ளிக்கிழமை ஆபரேஷன், காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் கூட வர வேண்டும்.

திங்கட்கிழமை கண்காணிப்பாளர் மனுவை எடுத்தார். கையெழுத்து மோசமாக இருக்கிறது என்று ஓரத்தில் குறித்தார். அடியில் ‘பார்வையிடப்பட்டது’ என்று எழுதி ஒப்பமிட்டுத் தட்டிலேயே திருப்பி வைத்தார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குப் பேரவையின் நடுவர் குழு ராசாத்தியைப் பார்வையிட வருகிறது. அந்த ஆண்டின் ‘சிறந்த பராமரிப்பாளர்’ விருதுக்கு மூன்று பேர் இறுதிச் சுற்றில் இருந்தார்கள். அதில் ஒருவர் இவர். இதைத் தவிர வேறு எதையும் யோசிக்கும் நிலையில் அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு அவர் பஞ்சை நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு, கையில் பையோடு வாசலில் வந்து நின்றாள். பக்கத்தில் தையல்காரம்மா, அவள் முழங்கையைப் பிடித்தபடி.

“ஏங்க, நான் கெளம்பறேன்.”

“ம்.”

“கண்ணு ஆபரேஷனுக்குங்க.”

“ம். ஆகட்டும்.”

“நீங்க வரலயா?”

“உரையாடல் நேரம்னு தெரியுமில்ல? நடுவுல நடுவுல பேசாதே.”

தையல்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “வேணாம், விடுங்க. நேரமாச்சு, போலாம்” என்று அவள் நடந்தாள். படியில் ஒரு கால் தடுமாறியது. தையல்காரம்மா பிடித்துக்கொண்டாள். கண்காணிப்பாளர் பதினேழாவது இலையில் இருந்தார்.

பத்து மணிக்கு நடுவர்கள் வந்தார்கள், தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர். தலைவர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர். எதைப் பார்த்தாலும் ‘ஆ’ என்று வாயைத் திறப்பார். செயலாளர் அம்மா கழுத்தில் அளவு நாடாவைத் தொங்கவிட்டிருந்தார். கையில் நான்கு பக்க வினாத்தாள். செடியைச் சுற்றி மூன்று நாற்காலிகள் போடப்பட்டன.

“குழந்தைக்கு வயசு?” என்றார் செயலாளர்.

“ரெண்டு வருஷம், மூணு மாசம், பதினோரு நாள்.”

“என்னென்ன மருந்து குடுக்கறீங்க?”

“வேப்பெண்ணெய் பதினஞ்சு நாளைக்கு ஒருதடவை. தண்ணியில கலந்து, சாயங்காலம் மட்டும். வெயில்ல அடிச்சா இலை கருகிடும்.”

“எது ஒத்துக்காது?”

“காய் கழுவின தண்ணி. ஒருதடவை பட்டதுல ஒரு இலை போயிடுச்சு.” அவர் குரல் கம்மியது. செயலாளர் தலை குனிந்து இரண்டு விநாடி மௌனம் காத்தார்.

“எந்தப் பக்கம் பலவீனம்?”

“இடது பக்கம். சுவர் மறைக்குது. அதனால பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா தொட்டியைக் கால்வாசி திருப்பி வைப்பேன்.”

“ஆ!” என்றார் தலைவர். “எத்தனையோ வீடு பாத்துட்டோம் சார். ஒரு உயிரை இவ்வளவு நுணுக்கமாத் தெரிஞ்சு வெச்சிருக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். எழுதுங்க அம்மா. இந்த வருஷத்து ‘சிறந்த பராமரிப்பாளர்’ இவர்தான். வேற பேச்சே இல்லை.”

கண்காணிப்பாளருக்குக் கண் கலங்கியது. முப்பத்து நான்கு ஆண்டு உத்தியோகத்தில் யாரும் அவரைப் பார்த்து ‘ஆ’ என்று சொன்னதில்லை. கொட்டாவிக்காகத் திறந்த வாய்களைத்தான் பார்த்திருக்கிறார். ஏற்புரையாக நான்கு வார்த்தை பேச எழுந்து தொண்டையைச் செருமினார். அப்போது கைபேசி அடித்தது. கை முழுக்க மண். செயலாளர் உதவியாக விசையை அழுத்தி, எல்லோரும் கேட்கும்படி நாற்காலியில் வைத்தார்.

“சார், கண் ஆஸ்பத்திரியில இருந்து நர்ஸ் பேசறேன். ஒரு அம்மா ஆபரேஷனுக்கு வந்திருக்காங்க. இந்த நம்பரைக் குடுத்தாங்க.”

“ஆமா, சொல்லுங்க.” கண்காணிப்பாளர் நடுவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்.

“உள்ள கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி, அவங்க சொன்ன விவரத்தை வீட்டு ஆளுங்ககிட்டயும் ஒருதடவை கேட்டு ஒத்துப் பாக்கணும். இது எங்க விதி. ஒத்துவரலேன்னா டாக்டர் ஆபரேஷன் பண்ண மாட்டார், இன்னொரு நாள்தான்.”

“விதின்னா விதிதான். கேளுங்க.”

“அவங்க வயசு?”

“வயசு... அம்பத்தி... அறுபதுக்குள்ள.”

“சரியா எத்தனை சார்?”

“என்னைவிடக் கம்மி.”

செயலாளர் அளவு நாடாவைச் சுருட்டத் தொடங்கினார்.

“சரி. தினமும் என்ன மாத்திரை சாப்பிடறாங்க?”

“மாத்திரையா? சாப்பிடறாளா?”

“எந்த மருந்தாவது ஒத்துக்காதா சார்? ஊசி போட்டா தடிச்சுப்போறது, மூச்சு வாங்கறது, அந்த மாதிரி?”

கண்காணிப்பாளர் நெற்றியில் மண்கையாலேயே தடவினார். “ஒரு நிமிஷம் இருங்க, கோப்பைப் பாத்துச் சொல்றேன்” என்று நாற்காலியில் இருந்த கோப்பை எடுத்துப் பிரித்தார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். உயரம் இருந்தது. இலை இருந்தது. மொட்டு, வெயில், வேப்பெண்ணெய், விசாரணை அறிக்கை எல்லாம் இருந்தன. பாவம், மனிதர் தேடத்தான் செய்தார், கடைசிப் பக்கம் வரைக்கும்.

“சார், இருக்கீங்களா? அது போகட்டும், இது ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எந்தக் கண்ணு? வலதா, இடதா?”

கண்காணிப்பாளர் தலைவரைப் பார்த்தார். தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் வினாத்தாளைப் பார்த்தார். அதில் இதற்கு விடை இல்லை.

“இடது...” என்றார் கண்காணிப்பாளர். பிறகு, “இல்ல, வலதுன்னு நெனக்கிறேன். ரெண்டுல ஒண்ணு.”

மறுமுனையில் பேனா கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. நர்ஸின் குரலில் கோபமே இல்லை.

“பரவால்ல சார், நீங்க சங்கடப்படாதீங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியுமா? கூட வந்திருக்கிற தையல்காரம்மா வயசுல இருந்து மாத்திரை பேரு வரைக்கும் கடகடன்னு சொன்னாங்க. ஆபரேஷனுக்கு வந்த அம்மா சொன்னதோட ஒண்ணு விடாம ஒத்துப்போகுது. டாக்டர்கிட்ட சொல்லி தையல்காரம்மாகிட்டயே கையெழுத்து வாங்கிட்டு, உள்ள கூட்டிட்டுப் போயிடறோம். ‘நெருங்கிய உறவு’ங்கிற எடத்துல அவங்க பேரை எழுதிக்கறேன். உங்களை என்னன்னு போடட்டும் சார், பக்கத்து வீடா?”