நீலத்துக்கு ஒப்புதல்

பல்கலைக்கழக இணையதளங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர், அதைத் திருப்பூருக்கு முன், திருப்பூருக்குப் பின் என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் ஓர் எழுத்துப் பிழை கிடையாது; ஒரு நூல் அளவு கோணல் கிடையாது. பெருமை முழுவதும் 'இணையதள மேம்பாட்டு அலுவலர்' முருகவேலையே சாரும்.

முப்பது வருடம் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தரம் பார்த்தவர். துணிக்குச் சாயம் ஏற்றுமுன் சின்னத் துண்டில் நிறம் காட்டிக் கையெழுத்து வாங்குவார்களே, லேப் டிப் என்று, அந்த நெறியை இணையதளத்துக்குக் கொண்டுவந்த மகான். இங்கே ஓர் அறிவிப்பு வெளியாக வேண்டுமென்றால் அதை அச்சிட்டு, அட்டையில் ஒட்டி, விளக்குப் பெட்டிக்குள் வைத்து நிறம் பார்ப்பார். பிறகு இஞ்ச் டேப்பால் ஓரம் அளப்பார். துறைதோறும் இணையதளத்தில் அறிவிப்பு ஏற்ற இருந்த 'வெப் பப்ளிஷர்'களுக்கு அவர் அளித்த 'ஆதரவு' இதுவே.

மாலைக் கல்லூரியின் பப்ளிஷர் சித்ரகலா. ஒப்பந்த வேலை. எதையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, சரிபார்த்தது சரியா என்று மூன்றாம் முறை பார்க்கிறவள். செவ்வாய்க்கிழமை அவளிடம் ஒரே வரி வந்தது: ஞாயிறு நடக்கவிருந்த அரியர் தேர்வு சனிக்கிழமையே நடக்கும்.

அச்சிட்டு, ஒட்டி, எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"தலைப்புல இருக்குற நீலம் செவப்படிக்குது கண்ணு," என்றார் முருகவேல்.

"ஏனுங்க சார், தேதிதானுங்க முக்கியம்..."

"தேதிய யாரு வேணும்னாலும் போட்டுருவாங்க. நீலத்தப் போட முடியுமா?"

புதன்கிழமை நீலம் பச்சையடித்தது. வியாழக்கிழமை நீலம் தேறியது. இடது ஓரம் கால் இஞ்ச் கூடிவிட்டது.

அன்று மதியம் பாண்டியம்மாள் போன் செய்தாள். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து வேலம்பாளையத்தில் பனியன் செக்கிங் பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் படித்தவள். இந்த ஒரு பேப்பர் தேறினால் டிகிரி. டிகிரி வந்தால் சூப்பர்வைசர். பாடத்திட்டம் மாறுவதால் இதுவே கடைசி வாய்ப்பு.

"மேடம், பரீச்ச சனிக்கெழமையாம்ல? டீக்கடையில பேசிக்கிறாக. நெசந்தானா?"

ஆமாம் என்ற சொல் சித்ரகலாவின் வாய் வரை வந்தது. எதிர்ச் சுவரில் சுற்றறிக்கை தெரிந்தது: 'பதிப்பிக்கப்படாத தகவலை எவரும் வாயால் பதிப்பித்தல் கூடாது.' மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். நாளைக்கு எப்படியும் போட்டுவிடலாம் என்று முருகவேலும் சொல்லியிருந்தார்.

"டீக்கடைப் பேச்செல்லாம் எதுக்குங்கக்கா? வெப்சைட்ல வர்றதுதானுங்க அதிகாரபூர்வம். பாத்துக்கிட்டே இருங்க."

"சரி மேடம். படிச்சவுக நீங்க சொன்னாச் சரிதேன்."

வெள்ளிக்கிழமை முருகவேல் மூலனூரில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். சனிக்கிழமை, டீக்கடையை நம்பியவர்கள் எல்லோரும் தேர்வு எழுதினார்கள். ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்கு, அறிவிப்பு மாசு மறுவற்று வெளியானது.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் முருகவேல் திரையில் இணையதள வருகைக் கணக்கை வரைபடமாகக் காட்டினார்.

"தேர்வுப் பக்கத்த ஒரே ஆள், நாலு நாள்ல நாப்பத்தொரு தடவ வந்து பாத்துருக்காங்க. வேலம்பாளையத்துல இருந்து! இவங்களக் கண்டுபுடிச்சுப் பொன்னாடை போத்தணும்."

கைதட்டல் அடங்கியதும் சித்ரகலா எழுந்தாள்.

"அவங்கள எனக்குத் தெரியுங்க சார். நேத்துக் காலைல பூட்டுன கேட்டு முன்னாடி நின்னுதான் நாப்பத்தோராவது தடவ பாத்தாங்க. அப்பத்தானுங்க நம்ம அறிவிப்பு வந்துச்சு. ஒடனே எனக்குப் போன் பண்ணுனாங்க."

"அப்படியா! நீலத்தப் பத்தி என்ன சொன்னாங்க?"

"நீலத்தப் பத்தி ஒண்ணும் சொல்லலீங்க சார். சனிக்கெழமதான்னு எனக்கு அன்னைக்கே தெரியுமான்னு மட்டும் கேட்டாங்க."