பன்னிரண்டாம் அத்தியாயத்து ஜாம்

மனிதர்களில் ஒரு ரகம் உண்டு. நாவலைக் கதைக்காகப் படிக்க மாட்டார்கள், விலாசத்துக்காகப் படிப்பார்கள்.

இங்கிலாந்தில் எங்கள் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் இந்த ரகத்துக்குப் பஞ்சமில்லை என்றாலும், முற்றிப்போன ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் பெடோஸிடம்தான் வரவேண்டும். ஓய்வுபெற்ற நில அளவையாளர். எந்த மாவட்டமென்றே சொல்லாத புது நாவலொன்று பரிசு வாங்கிய மறுவாரமே, வரைபடத்தை மேசையில் விரித்து, ஒன்பதாம் பக்கத்துக் குன்று எங்கள் குன்று, ஐம்பதாம் பக்கத்துப் பாலம் எங்கள் பாலம், நாயகி அழுதது எங்கள் பேருந்து நிறுத்தம் என்று முடிவுகட்டி, ஞாயிறுதோறும் மழைக்கோட்டு மாட்டிய முப்பது பேரைச் சேற்றில் நடத்திக் காட்டினார். நாவலில் கடல் வருகிறதே, எங்களுக்கு ஏது கடல்?

"அது குறியீடுங்க" என்றார் பெடோஸ்.

இதுவரை யாருக்கு நஷ்டம்? ஆனால் குன்று கிடைத்தவருக்கு ஆளும் கிடைக்க வேண்டுமே. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு விதவை, ஜாமில் விஷம் வைத்து இரண்டு கணவன்மாரை அனுப்பிவைக்கிறாள். எங்கள் ஊரில் ஜாம் கிண்டும் விதவை ஐவி பிரீஸ் ஒருத்திதான். அவளுக்கு ஒரே கணவர், அவரும் மாரடைப்பில் போனவர். பெடோஸ் பெயரெல்லாம் சொல்லவில்லை. அவள் வீட்டு வாசலில் கூட்டத்தை நிறுத்தி, இரண்டு நிமிடம் பேசாமல் நின்றார். போதாதா?

தேவாலயக் கோடை விழாவில் இருபது வருடமாகப் பதினொரு மணிக்குள் தீர்ந்துவிடும் அவளுடைய பிளம்ஸ் ஜாம், போன வருடம் மாலைவரை அப்படியே இருந்தது. பாதிரியார் உட்பட எல்லோருக்கும் அன்று திடீர்ச் சர்க்கரை வியாதி. ஐவி புட்டிகளைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்க எனக்கே அவமானமாக இருந்தது. நானும் வாங்கவில்லை.

கடைசியில் விழாப் போட்டிகளுக்குப் பரிசு வழங்க, பெடோஸ் அழைத்திருந்த நாவலாசிரியையே வந்து சேர்ந்தார். ஐவி நேராகப் போய்க் கேட்டாள்.

"ஏம்மா, அந்தப் பொம்பள நான்தானா?"

"நான் இந்தப் பக்கம் வந்ததே இன்னிக்குத்தாங்க" என்றவர், ஒரு புட்டியைத் திறந்து, ரொட்டியில் தடவி, எல்லோர் எதிரிலும் தின்றுகாட்டினார்.

பெடோஸ் அசரவில்லை. என் காதோரம் வந்தார்.

"கவனிச்சீங்களா? பன்னிரண்டாம் அத்தியாயத்துலயும் முதல் நாள் ஒண்ணும் ஆகாது."

வாசகரே, சிரிக்கிறீர்கள். இந்தப் பெடோஸ் உங்கள் தெருவில் இன்னாரேதான் என்று பாதியிலேயே கண்டுபிடித்தும்விட்டீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வாயெடுக்கிறீர்கள். தாராளமாகச் சொல்லுங்கள். ஐவி இந்த வருடம் ஜாம் கிண்டவில்லை.