ஓராண்டு பெண்ணாக வாழ்ந்ததற்கான சான்று

பொதுமக்கள் நலனைத் தீவிரமாகக் கருத்தில் கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் ஒரு குழு இயங்கி வந்தது. ஆண் போலவோ பெண் போலவோ தோன்றச் சிகிச்சை கேட்கும் எவரும் ஓராண்டு அப்படியே வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டும் என்பது அதன் விதி. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்த பிறகுதான் குழுவுக்குச் சந்தேகமே ஆரம்பிக்கும்.

தையற்காரி ஐந்தாவது முறையாக அங்கே வந்திருந்தாள். திருநங்கையான அவளுக்கு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டு இன்றோடு காலாவதி. இன்னொரு சீட்டு வாங்க எட்டு மாதம் காத்துக் கிடக்க வேண்டும். அதை நினைத்தாலே அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

குழுத் தலைவர் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர். தலையில் பெரிய கட்டு. முந்தாநாள்தான் இரண்டாவது மாடியில் வழுக்கையில் முடி நட்டுக்கொண்டு மேலே ஏறி வந்திருந்தார். அதற்காக எந்தக் குழுவும் கூடவில்லை. பக்கத்தில் பல் டாக்டர். அவர் ஏன் அங்கே என்று யாரும் கேட்டதில்லை. மூலையில் ஓர் அம்மா கம்ப்யூட்டரில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்.

"போன தடவை தோடு இல்லாம வந்திருக்கீங்க," என்றார் கண்காணிப்பாளர். "அன்னிக்கு நீங்க பெண்ணா வாழத் தவறிட்டீங்க. ஒரு வருஷக் கணக்கை மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருக்கோம்."

"காதுல புண்ணு சார், அதனால..."

"புண்ணுக்கு விதியில இடமில்லை."

குறிப்பெடுக்கும் அம்மா தன் வெறுங்காதைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

"சார், டாக்டரே எழுதிக் கொடுத்து..."

"அவர் உங்க உடம்பைத்தான் பார்த்தார். நாங்க ஃபைலையே பார்க்கறோம்!"

"அந்த ஃபைல்லயே நான்..."

"இவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா," என்று பல் டாக்டர் ஆரம்பித்து, அவள் சொல்ல வராத எல்லாவற்றையும் கால் மணி நேரம் விளக்கினார்.

தையற்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். "அக்கம்பக்கத்துல விசாரிச்சா..."

"குறுக்கே பேசாதீங்கம்மா!"

சற்று நேரம் கழித்துப் பல் டாக்டர் மோவாயைத் தடவினார். "அக்கம்பக்கத்துல விசாரிச்சா என்ன?"

"பிரமாதமான யோசனை!" என்றார் கண்காணிப்பாளர். "அடுத்த கூட்டத்துல பரிசீலிப்போம். குறிப்பைக் கொண்டாங்கம்மா."

தையற்காரி சீட்டிலிருந்த தேதியைப் பார்த்தாள். அந்த அம்மா தாளை நீட்டினார். கண்காணிப்பாளர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். எப்போதும் அப்படித்தான். முத்திரையும் விழுந்தது.

தாள் தையற்காரியின் கைக்கு வந்தது.

'விண்ணப்பதாரர் நான்கு முறை பேச முயன்றார். நான்கு முறையும் குழுவிலுள்ள ஆண்கள் அவர் வாயை அடைத்தார்கள். அவருடைய யோசனை பல் டாக்டர் வாயிலிருந்து வந்ததும் பாராட்டப்பட்டது. இதே அறையில் குறிப்பெடுப்பவருக்கும் பதினெட்டு வருடமாக இதுவே நடப்பதால், விண்ணப்பதாரர் பெண்ணாக வாழ்கிறார் என்பது ஐயமற நிரூபணமாகிறது. மருந்து இன்றே வழங்கப்படலாம்.'

அவள் இரண்டு தடவை படித்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சீட்டையும் தாளையும் எடுத்துக்கொண்டு மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு ஓடினாள். ஜன்னல் மூட இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

"அடுத்த ஃபைல்?" என்றார் கண்காணிப்பாளர்.

"உங்களுதுதான் சார்," என்றார் அந்த அம்மா. "முடி நட நீங்க கொடுத்த விண்ணப்பத்துல 'ஆண்பிள்ளைத் தோற்றம் வேண்டி'ன்னு காரணம் எழுதியிருக்கீங்க. அப்போ நம்ம விதிக்குள்ள வந்துடுது. ஒரு வருஷம் ஆணா வாழ்ந்ததுக்குச் சான்று வேணும்."

கண்காணிப்பாளர் தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அய்யய்யோ! சான்றுக்கு நான் எங்கே போவேன்?"

"கவலையே வேண்டாம் சார். இப்போ கையெழுத்துப் போட்டீங்களே, அதே குறிப்புலதான் உங்களுக்கும் சான்று இருக்கு. ஒரு நகல் எடுத்து வெச்சுட்டேன்."