பக்கத்து சீட்டைப் பார்த்த மீட்டர்

இனிமேல் என் காரில் மெக்கானிக் கை படக்கூடாது. இந்த முடிவோடு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். எடுக்க வைத்தவள் என் மனைவி.

என் கார் ஸ்போர்ட்ஸ் கார். பழசுதான். சிவப்பு நிறம், இரண்டே சீட்டு. உள்ளே உட்கார உடம்பை மூன்றாக மடிக்க வேண்டும். அதற்கு ஒரே கெட்ட குணம், சொல்லாமல் கொள்ளாமல் கொதித்துவிடும். போன வாரம் நடுரோட்டில் புகை விட்டு நின்றது. பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து நாலு பேர் இறங்கித் தள்ளினார்கள். அதில் ஒருத்தி என் மனைவி.

அன்றைக்கே அவள் தீர்ப்பு சொல்லிவிட்டாள். மெக்கானிக்குக் கொடுத்த காசு போதும். இன்ஜின் சூட்டைக் காட்டும் மீட்டரை டேஷ்போர்டில் நானே மாட்ட வேண்டும். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அது வேலை செய்தால் கார் இருக்கும். இல்லையென்றால் விற்றுவிட வேண்டும்.

அந்தக் கார் என் உயிர். அவளுக்கும் லைசென்ஸ் இருக்கிறது, ஒருதரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எட்டு மாதமாகக் கேட்கிறாள். கிளட்ச் ரொம்ப கனம், உனக்குக் கால் வலிக்கும் என்று சொல்லியே சமாளித்து வந்தேன்.

வேலையை ஆரம்பித்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குனிந்தால் ஸ்டியரிங் தொப்பையில் இடித்தது. பக்கத்து சீட்டுக்கு மாறினேன். அங்கே ராஜ வசதி. ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஒயரை இன்ஜின் வரைக்கும் இழுத்து, மறுபடி எல்லாவற்றையும் மூடினேன். இரண்டு ஸ்க்ரூ மிச்சம் விழுந்தது. கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் டேஷ்போர்டின் மேலே பசை தடவி மீட்டரை வைத்து அழுத்தினேன். அப்போது அவள் டீ கொண்டுவந்தாள். ஜன்னல் வழியாக ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏங்க, இதைத் திரும்ப எடுக்க முடியுமா?"

"பசை காஞ்சப்புறம் எடுத்தா டேஷ்போர்டும் சேர்ந்து வந்துடும்."

"அப்படியா? நல்லா அழுத்திப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த அக்கறையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பசை காய்ந்ததும், உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிச் சாவியைத் திருப்பி இன்ஜினைப் போட்டேன். முள் மெல்ல எழுந்து தொண்ணூறு டிகிரியில் நின்றது. சந்தோஷம் தாங்கவில்லை. அவளைக் கூப்பிட்டு நிறுத்தி வைத்து, டிரைவர் சீட்டில் ஜம்மென்று போய் உட்கார்ந்தேன்.

மீட்டரின் முதுகுதான் தெரிந்தது.

எட்டிப் பார்த்தேன். சாய்ந்து பார்த்தேன். கழுத்து சுளுக்கியதுதான் மிச்சம். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒட்டியவன், பக்கத்து சீட்டைப் பார்த்தே ஒட்டியிருக்கிறேன்.

"தோத்துட்டேன்மா. நாளைக்கே வித்துடலாம்." என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது.

"எதுக்கு விக்கணும்? மீட்டர் வேலை செய்யுதே."

"ஓட்டறவனுக்குத் தெரியலையே."

"பக்கத்துல இருக்கறவர் பாத்துச் சொல்லுவார். இறங்குங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீ கொண்டுவந்தபோதே கவனித்தாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா பசை காயறதுக்குள்ள திருப்பி வச்சிருப்பீங்க."

சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். எட்டு மாதமாக என்னிடம் குலுங்கிக் குலுங்கிக் கிளம்பிய கார், அவள் காலடியில் சத்தம் போடாமல் நகர்ந்தது. கிளட்ச் அவளை ஒன்றும் செய்யவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமை. ஆனாலும் கார் கைவிட்டுப் போகவில்லையே என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

சிக்னலில் நின்றோம். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "எவ்வளவு?" என்றாள்.

"தொண்ணூறுங்க" என்றேன்.